கோப்பும் கூட்டுவேலையும்

(பொம்மசந்திராவில் நடைபெற்ற தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இத்தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் காலனி இளைஞர் சிலர் சென்ற வாரம் நம்மை வழிமறித்து, "எங்கள் ஆலையில் எல்லாம் டீம், உங்கள் ரயில்வேயில் எல்லாம் ஃபைல்" என்று நகையாடினர். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய எழுத்தராகிய நாம் அதற்கு விடை கூறவே இன்று எழுந்தோம்.

ரயில்வேயில் தண்டவாளம் ஓர் இலாகா, எஞ்சின் ஓர் இலாகா, சிக்னல் ஓர் இலாகா, கணக்கு ஓர் இலாகா. ஒவ்வொன்றுக்கும் அடிநிலை ஊழியர் முதல் டெல்லி வாரியம் வரை தனித்தனி ஏணி. அடுத்த ஏணியில் நிற்பவரிடம் ஒன்று கேட்கவேண்டின், கோப்பு மேலே ஏறி, குறுக்கே கடந்து, கீழே இறங்கவேண்டும். இதனை முற்றிலும் பழிப்பதற்கில்லை. இன்ன வேலைக்கு இன்னார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லாவிடின், ஒரு வண்டியையும் நம்பி ஏற இயலாது.

ஆயினும் பாம்பனை நினைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களில் மிகப் பலவற்றைக் கடலில் வீழ்த்தியது. சீரமைக்க ஆறு மாதம் என்று ரயில்வே கணக்கிட்டது. மேலதிகாரி அதனை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற பொறியாளர் ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. கர்டர்கள் கடலில் கிடக்குமிடத்தை மீனவர்கள் கூறினர். அவற்றைத் தூக்கியெடுத்து மீண்டும் பொருத்தினர். 46 நாட்களில் பாலம் சீராயிற்று. அம்மீனவர்கள் எந்த ஏணியிலும் நில்லாதவர்கள். சாதாரண நாளாயின், அவர்கள் சொன்ன சொல் எந்த இலாகாவின் தபால் பதிவேட்டில் ஏறியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

2019 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ரயில்வேயின் எட்டு அதிகாரிப் பணித்தொகுதிகளை ஒன்றாக்க இசைவளித்தது. பின்னர் 2024-இல், பொறியாளர்களைப் பொறியியல் தேர்வின் வழியே எடுப்பதற்கு மீண்டும் வழி செய்யப்பட்டது. பெரிய இடத்துச் செய்தி இவ்வளவு போதும். நமது மேசைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பணியிலிருக்கும்போதே இறந்த ஒரு தண்டவாள ஊழியரின் மனைவியாருக்குச் சேரவேண்டிய தொகைக்கான கோப்பு நம்மிடம் வந்தது. பணிப்பதிவேட்டில் அவர் பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டிருந்தது. நாம் குறிப்பெழுதி அனுப்பினோம். ஒரு பிரிவு விளக்கம் கேட்டது. மற்றொரு பிரிவு சான்று கேட்டது. யாவரும் விதித்த நாளுக்குள்ளேயே பதில் எழுதினோம். அவ்வம்மையாரோ ஒன்பது மாதம் நடந்தார். மூன்று பிரிவும் ஒரே மாடியில்தான் இருந்தன!

ஒருநாள் உணவு இடைவேளையில் மூவரும் பதிவேட்டை நடுவில் வைத்து ஒரே மேசையில் அமர்ந்தோம். நான்கு மணிக்குள் காரியம் முடிந்தது. எந்த விதியையும் மீறவில்லை. மூன்று கையொப்பங்களும் முறைப்படியே விழுந்தன. ஆனால் அதற்குள் அவர் தம் மகனைப் பள்ளியினின்றும் நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டார். "ஒரு நாள் வேலைதானா ஐயா இது?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை.

ஆகவே இளைஞர்கள் நகையாடியதில் பாதியை ஒப்புக்கொள்கிறோம். மறுபாதிக்கு அவர்களிடம் ஒரு வினா உண்டு. உங்கள் டீம் செய்த வேலையில் பிழை நேர்ந்தால், அதனை யார் பெயரில் எழுதுகிறீர்கள்? விழா முடிந்ததும் கூறுங்கள், கேட்க ஆவலாயிருக்கிறோம். சிறுவர் நாடகத்திற்கு நேரமாயிற்று.