தாழம்பூவின் சாட்சி



அடிமுடி தேடிய கதைக்குரிய ஊர் திருவண்ணாமலை. அடியைக் காணவில்லை என்று திருமால் ஒப்புக்கொண்டார். முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்னான். தாழம்பூ அதற்குச் சாட்சி நின்றது. அதனாலேயே அது சிவபூசைக்கு ஆகாத மலராயிற்று என்பது புராணம். கலைச்சந்தையில் தாழம்பூவின் தொழிலைச் செய்பவை, செப்பனிட்டதை மறைத்து விற்கும் பொருள்கள்.

ஈரானின் காஷான் நகரில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வனைந்த, பொன்போல் மின்னும் மட்கலங்கள் பெரும்பாலும் உடைந்த ஓடுகளாகவே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றை ஒட்டுவது குற்றமன்று. வெவ்வேறு கலங்களின் ஓடுகளைச் சேர்த்து, இடைவெளியைச் சாந்தால் அடைத்து, இல்லாத சித்திரத்தை மேலே தீட்டி, முழுக்கலம் என்று விற்பதே குற்றம். புற ஊதா ஒளியில் அப்புதுப்பூச்சு வேறாகத் தெரிந்துவிடும்.

தமிழகத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து கிடைத்தது, 10ஆம் நூற்றாண்டுச் சோழர்கால நடராசர் திருமேனி. 1954இல் செப்பனிடக் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியதோ புதிதாக வார்த்த போலி. மூலம் பம்பாய்க்குப் போயிற்று. இதை 1965இல் தம் நூலில் வெளியிட்டவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை 9 லட்சம் டாலருக்கு அத்திருமேனியை வாங்கிற்று. வழக்கும் உடன்பாடும் முடிந்து, 1986இல் அது தாயகம் திரும்பியது. செப்பனிடுதல் என்ற நல்ல சொல்லே இங்குக் களவுக்குத் திரையாயிற்று.

அதே கும்பகோணத்துக் கல்லூரியில் 1903 வரை தமிழாசிரியராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் 1904இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. இருபது பாட்டுகளை இயற்றிச் சேர்ப்பது அவர் புலமைக்கு அரிதன்று. ஆயினும் கிடைத்த எட்டுப் பத்துகளையே அச்சேற்றினார். அந்தக் குறை வெளிப்படையாக நிற்பதால்தான் எஞ்சிய எண்பது பாட்டுகளையும் ஐயமின்றி நம்ப முடிகிறது.

பழைய ஏட்டையும் ஊர்க் கும்மிப்பாட்டையும் மறைந்த கவிஞரின் கையெழுத்துப் படியையும் பதிப்பிப்போர்க்கு இது பொருந்தும். விடுபட்ட அடியைத் தம் சொல்லால் நிரப்புவோர் அன்பினாலேயே அதைச் செய்யலாம். ஆனால் அடுத்த தலைமுறை எந்த அடியையும் நம்பாது. இயலாத இடத்தில் புள்ளியிட்டு நிறுத்துவதே நேர்மை. திருமாலுக்குக் குறை சொன்னவர் எவருமில்லை.