ஒரே கூரை போதுமா?

 

பள்ளிக்கூடம் என்றவுடன் நம்மிலே பலர் கட்டடத்தைப் பற்றிப் பேசுவர். ஆசிரியர் எண்ணிக்கையைப் பேசுவர். தேர்ச்சி விழுக்காட்டைப் பேசுவர். வேண்டியவைதாம், மறுக்கவில்லை. இன்று நான் பேச வந்தது வேறொன்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயிலுக்குள் நுழைகிற பிள்ளை, "இது என் பள்ளி, இங்குள்ளோர் என்னவர்" என்று நெஞ்சார எண்ண முடிகிறதா? அதுதான் என் கேள்வி.

பழைய கேள்விதான். சேரன்மாதேவி குருகுலத்திலே, பொதுமக்கள் பணத்தையும் பெற்று நடந்த அந்த இடத்திலே, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்தபோது, 1924, 1925ஆம் ஆண்டுகளிலே நாடே கொதித்தது. ஒரு வேளைச் சோற்றை எங்கே உட்கார்ந்து உண்பது என்ற வழக்கு, தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிற்று.

1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு தந்தது. 1956இல் காமராசர் அதனை நாடெங்கும் விரித்தார். 1982இல் சத்துணவு வந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. வயிற்றை நிரப்பியது மட்டுமா இத்திட்டங்களின் பணி? ஒரே பந்தியிலே அத்தனை பிள்ளைகளையும் அமர்த்திய பணியும் உண்டு.

அமர்த்திற்று, ஆனால் இணைத்ததா?

நான் படித்த பள்ளியிலே ஒரே அண்டாச் சோற்றைத்தான் அனைவரும் தின்றோம். ஆனால் தெருவாரியாக வட்டமிட்டு அமர்ந்து தின்றோம். எவரும் அப்படி அமரச் சொல்லவில்லை. எவரும் அப்படி அமராதே என்றும் சொல்லவில்லை. ஆசிரியர் கண்ணிலே அது பட்டதாகவே தெரியவில்லை.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு செப்டம்பரிலே, கரூர் மாவட்டத்திலே, ஆதிதிராவிடப் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று தடுத்த பெற்றோரைக் கண்டோம். மாவட்ட ஆட்சியரே பள்ளிக்கு வந்து நிற்க வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு திங்களுக்கு முன்னே, ஆகஸ்ட் 9ஆம் நாள், நாங்குநேரியிலே நடந்ததோ நெஞ்சை உறைய வைப்பது! உடன் பயின்ற மாணவர்களே, பட்டியல் சாதி மாணவன் ஒருவனை அவன் வீடு தேடிச் சென்று அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். வெட்டியவர்கள் வெளியூர்க் கூலிப்படையினர் அல்லர், தோழர்களே. ஒரே சீருடை அணிந்தவர்கள். ஒரே மணியோசைக்கு எழுந்தவர்கள்.

அதன் பின்னர் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன் திங்களில் தன் அறிக்கையைத் தந்தது. மணிக்கட்டிலே சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது. பள்ளியின் பெயரிலே சாதிப் பெயர் கூடாது. வகுப்பிலே மாணவரைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்துக என்றது. வரவேற்கிறேன். கயிற்றை அறுத்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அகர வரிசையிலே அருகருகே அமர்ந்த இருவர், ஆண்டு முழுதும் ஒருவரோடொருவர் பேசாமலே இருந்துவிட முடியுமல்லவா?

இதே சிக்கலை அமெரிக்க நாடும் கண்டது. நிறத்தால் பிள்ளைகளைப் பிரிக்கும் பள்ளி சட்டத்துக்குப் புறம்பு என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. பதினேழு ஆண்டு கழித்து, 1971இல், டெக்சாசு மாநிலத்து ஆஸ்டின் நகரிலே வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பிலே சேர்ந்தனர். சேர்ந்ததும் அடிதடி! எலியட் ஆரன்சன் என்னும் உளவியல் பேராசிரியரை அழைத்தனர். அவர் வகுப்பறையிலே உட்கார்ந்து பார்த்தார். கண்டது என்ன? ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பிள்ளைகள் கையை உயர்த்துகிறார்கள். ஒருவன் தவறினால் மற்றவனுக்குக் கொண்டாட்டம்! பகையை வெளியிலிருந்து எவரும் கொண்டுவர வேண்டாம். பாடம் நடத்தும் முறையே அதனை நாள்தோறும் வளர்த்தது.

அவர் செய்தது எளிது. அறுவர் கொண்ட குழுக்களாகப் பிள்ளைகளைக் கலந்து பிரித்தார். புலிட்சர் என்னும் பத்திரிகையாளரின் வாழ்க்கை வரலாற்றை ஆறு துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டு தந்தார். தன் துண்டைப் படித்து மற்ற ஐவர்க்கும் சொல்ல வேண்டும். தேர்வோ முழுப் பாடத்திலும்! மெக்சிகோ வழிச் சிறுவன் ஒருவன், ஆங்கிலம் தடுமாறும். அவன் முறை வந்ததும் மற்றவர்கள் கேலி பேசினர். உடனிருந்தவர் அறவுரை எதுவும் கூறவில்லை. "கேலி செய்யலாம்; ஆனால் அவன் கையில் இருக்கும் பகுதி தேர்வுக்கு வரும்போது அது உங்களுக்கு உதவாது" என்னும் பொருள்பட நினைவூட்டினார். அவ்வளவுதான். கேலி நின்றது, கேள்வி பிறந்தது. அவனிடமிருந்து செய்தியை வரவழைக்கக் கேட்கும் கலையை அவர்கள் கற்றனர். அவனும் அஞ்சாமல் பேசக் கற்றான். வாரங்கள் சில சென்றதும் ஒருவரை ஒருவர் விரும்புவது வளர்ந்ததைக் கண்டனர். எல்லா ஊரிலும் மதிப்பெண் ஒரே அளவு உயர்ந்ததாகச் சொல்ல மாட்டேன். பின்வந்த ஆய்வுகள் பலவாறு உரைக்கின்றன.

இதற்குக் கோடி வேண்டுமா? தாளும் கத்தரிக்கோலும் போதும். ஆனால் "அன்பாயிருங்கள்" என்று காலை வணக்கக் கூட்டத்திலே முழங்குவது எளிது. அவன் இல்லாமல் இவன் கற்க முடியாது என்ற நிலையை வகுப்பிலே உண்டாக்குவது உழைப்பு. நாற்பது நிமிடப் பாடவேளையில், பதிவேடுகளுக்கு நடுவே, ஆசிரியர் தனியாக அதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைத் தந்திருக்கிறது. அதிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நம் தோழர்கள் அங்கே சென்றால் எதைப் பேசுகிறார்கள்? சுற்றுச்சுவர், கழிப்பறை, ஆண்டு விழாப் பந்தல்! கழிப்பறை வேண்டும், ஐயமில்லை. அதோடு, விளையாட்டுக் குழுவை எவ்வாறு பிரிக்கிறீர்கள், குழு வேலை தருகிறீர்களா, ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் ஏன் என்று வீட்டுக்குப் போய்க் கேட்பவர் யார் என்றும் கேளுங்கள். கேட்குமுன் உங்கள் வீட்டுப் பிள்ளையின் மணிக்கட்டைப் பாருங்கள். மேடையிலே சமத்துவம் பேசும் நம்மவர் சிலர் வீட்டிலும் அந்தக் கயிறு இருக்கிறது, மறைப்பானேன்?

சென்ற வாரம் என் பேத்தியிடம் கேட்டேன், பகலிலே யாரோடு அமர்ந்து உண்கிறாய் என்று. மூன்று பெயர்கள் சொன்னாள். மூவரும் எங்கள் தெருப் பிள்ளைகள்.