அந்த நாலு பேர் யார்?

(கூட்டமைப்பின் செயற்குழுக் கூட்டத்தில் பேசியது)



நம் குழுக்களின் உள்கடன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கறவை மாடு, தையல் மிஷின், பள்ளிக்கூடச் செலவு என்று எழுதியிருக்கும். இடையிடையே 'குடும்பச் செலவு' என்று ஒரு வரி வரும். அது பல நேரம் என்ன செலவு என்று நமக்கெல்லாம் தெரியும். பெண்பிள்ளை வயதுக்கு வந்த சடங்கு. மண்டபம், பிளெக்ஸ், வீடியோ, கறி விருந்து.

ஏன் இவ்வளவு பெரிசா செய்யணும் என்று கேட்டால், "எனக்கு ஆசை" என்று சொல்பவர்கள் குறைவு. "செய்யலேன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றுதான் சொல்கிறோம். அந்த நாலு பேரும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்தின்போது அவர்களும் இதையேதான் சொன்னார்கள். அப்படியானால் அவர்கள் பயந்த நாலு பேரில் நாமும் உண்டு!

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊர்களிலிருந்து சவுதிக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. அந்த நாட்டின் தலைநகர் ரியாத்தில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியோனார்டோ பர்ஸ்டின் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். 2020-ல் அது அச்சில் வந்தது. 18 முதல் 35 வயது வரை உள்ள, கல்யாணமான ஆண்கள் 500 பேர். ஒரே பகுதியில் வசிப்பவர்களாகப் பார்த்து, ஒரு தடவைக்கு 30 பேர் என்று உட்கார வைத்தார்கள். பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகலாமா என்று ஒவ்வொருவரிடமும் இரகசியமாகக் கேட்டார்கள். நூற்றுக்கு 87 பேர் போகலாம் என்றார்கள். அடுத்து, "இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் போகலாம் என்று சொல்லியிருப்பார்கள்?" என்று கேட்டார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் உண்மையைவிடக் குறைத்தே சொன்னார்கள். நான் சரி என்பேன், பக்கத்து வீட்டுக்காரன் ஒத்துக்க மாட்டான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

பிறகு பாதிப் பேரிடம் மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரு வாய்ப்பும் கொடுத்தார்கள்: பரிசுக் கூப்பன் வாங்கிக்கொள்ளலாம், அல்லது மனைவிக்கு வேலை தேடித் தரும் சேவையில் பெயர் கொடுக்கலாம். எண்ணிக்கை தெரியாதவர்களில் நூற்றுக்கு 23 பேர் பெயர் கொடுத்தார்கள். தெரிந்தவர்களில் 32 பேர். சில மாதம் கழித்து விசாரித்தபோது, தெரியாதவர்களின் மனைவிகளில் நூற்றுக்கு 6 பேர்தான் வெளி வேலைக்கு மனுப் போட்டிருந்தார்கள். தெரிந்தவர்களின் மனைவிகளில் 16 பேர். யாரும் அவர்களுக்கு உபதேசம் பண்ணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மனசில் இருப்பதைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நம் கதையும் இதுதானோ என்று தோன்றுகிறது. "இம்புட்டுச் செலவு எதுக்கு" என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டே பந்தியில் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது "ஜோரா செஞ்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம். வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் வீட்டுக்காரர்கள் அதை நிஜம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தெருவில் சத்தமாகப் பேசுகிற இரண்டு பேரின் பேச்சும் ஊர்ப் பேச்சாகிவிடுகிறது.

எல்லாமே வெறும் நினைப்புதான் என்று நாங்கள் சொல்லவில்லை. மொய் நோட்டு ஒன்று இருக்கிறதே! செய்த மொய் திரும்ப வர வேண்டுமே என்பது நிஜமான கவலை. தாய்மாமன் சீரும் அப்படித்தான், ஒரு கை கொடுத்தால் மறு கை வாங்க வேண்டும். அதைத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்கிறோமா? தன் போட்டோ போட்ட பிளெக்ஸ் முக்கு ரோட்டில் நிற்க, அதைத் தாண்டித்தான் அது பள்ளிக்கூடம் போகிறது. கூடப் படிக்கிற பையன்களும் அதே வழியில்தான் வருகிறார்கள்.

ஆகையால் குழுக் கூட்டத்தில் ஒன்று செய்து பார்ப்போம். ஒரு பானையைத் துணியால் மூடி வையுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு வேப்பங்கொட்டை. சடங்கை வீட்டோடு சின்னதாகச் செய்தால் போதும் என்பவர்கள் புளியங்கொட்டை போடட்டும். பெரிசாகத்தான் செய்ய வேண்டும் என்பவர்கள் வேப்பங்கொட்டை. மிச்சக் கொட்டையை யாரும் காட்ட வேண்டாம், மடியில் முடிந்துகொள்ளுங்கள். எண்ணுவதற்கு முன்னால், எத்தனை புளியங்கொட்டை இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஊக்குநர் காதில் சொல்லுங்கள். அதை அவர் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் பானையைக் கவிழ்க்கலாம்.

வேப்பங்கொட்டை அதிகமாக வந்தாலும் வரட்டும். நம் குழு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டதாக இருக்கும். யார் எதைப் போட்டார் என்று மட்டும் துருவக் கூடாது. துருவினால் அடுத்த தடவை யாரும் உண்மையைப் போட மாட்டார்கள். இன்னொன்று, எல்லாக் கேள்வியும் பானைக்குப் போகாது. 18 வயது ஆகாத பிள்ளைக்குக் கல்யாணம் செய்யலாமா என்று கொட்டை போட்டுக் கேட்க வேண்டியதில்லை. 2006-ம் வருடச் சட்டப்படி அது குற்றம். தெரிந்தால் 1098-க்கு போன் செய்யுங்கள்.

இந்த மாதம் சந்தா வசூல் முடிந்ததும் இதை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாமல் எண்களை மட்டும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த செயற்குழுவுக்கு வரும்போது பிரதிநிதிகள் இரண்டு கணக்கையும் கொண்டுவர வேண்டும்: எத்தனை இருக்கும் என்று நினைத்தோம், பானையில் எத்தனை இருந்தது.