சீல் வச்ச கவரும் பேப்பர் நோட்டீஸும்

நம்ம ஒத்தக்கடை பக்கத்துலயே ஹைகோர்ட் மதுரைக் கிளை இருக்கு. கோர்ட்டுக்குப் போற காகிதம் எல்லாம் ஊருக்குத் தெரியுமா? அதான் இன்னைக்கு டாபிக்.

வீட்டுக் கடன் கட்டலைன்னா, சர்ஃபாசி சட்டப்படி பேங்க் வீட்டைக் கையகப்படுத்தலாம். எடுத்த ஏழு நாளுக்குள்ள ரெண்டு பேப்பர்ல நோட்டீஸ் போடணும், ஒண்ணு உள்ளூர் மொழியில. அந்த வீட்டை வேற யாரும் வாங்கி ஏமாறக் கூடாதில்ல? காரணம் நியாயம்தான். ஆனா கடன் வாங்கினவர் பேரு, பாக்கித் தொகை எல்லாம் டீக்கடை வரைக்கும் போயிடும்.

இப்போ பெரிய கடனுக்கு வருவோம். 500 கோடிக்கு மேல பாக்கி வச்சவங்க பட்டியலை 2016-ல ரிசர்வ் வங்கி சுப்ரீம் கோர்ட்ல குடுத்துச்சு, சீல் வச்ச கவர்ல. 57 பேர், சுமார் 85,000 கோடி ரூபாய்னு கணக்கு மட்டும் வெளிய வந்துச்சு. பேரை வெளியிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி வாதாடுச்சு. இத்தனைக்கும் 2015 டிசம்பர்லயே, ஜயந்திலால் மிஸ்திரி வழக்குல, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டா இந்த மாதிரி விவரங்களை ரிசர்வ் வங்கி தரணும்னு அதே கோர்ட் சொல்லியிருந்துச்சு.

அக்கவுண்ட் நம்பரை மறைக்கிறது சரி. சின்னக் கடனுக்குப் பேப்பர், பெரிய கடனுக்குக் கவர்ங்கிறதுதான் இடிக்குது.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: பேங்க் வீட்டைக் கையகப்படுத்தினா, 45 நாளுக்குள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துல முறையிடலாம். மதுரையிலயே இருக்கு. அடுத்த எபிசோட்ல பாப்போம்.