இயந்திரத்துக்கு எந்த எண்ணெய்?



2009ஆம் ஆண்டில் ஒரு விடியற்காலை, ஏர்வாடிக் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன் தன் வள்ளத்தின் டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் அளந்துகொண்டிருந்தான். அளவுக் கம்பியை உயர்த்திக் காட்டி, "சார், நேற்றைவிட ஆயில் கூடுதலாகவே இருக்கிறது" என்றான். "குறைந்தால் அல்லவா கவலை? போய் வா" என்று விடை கொடுத்தேன். பல்லாண்டு பௌதிகம் கற்பித்த நான், ஊற்றாத எண்ணெய் எவ்வாறு கூடும் என்று அக்கணம் எண்ணிப் பார்க்கவில்லை!

அன்று மாலை அவன் கரை திரும்பவில்லை.

நான் சிறுவனாயிருந்தபோது, மாட்டுவண்டியின் அடியில் ஒரு மூங்கிற் குழாய் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். அதனுள் வண்டி மை இருக்கும். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மசகு அது. நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ வண்டிக்காரர் அச்சுக்கு இடமாட்டார். அவை வெயிலில் வழிந்தோடிவிடும். விளக்கெண்ணெயோ பிசுபிசுப்பு மிக்கது; இட்ட இடத்தில் நிற்கும். எழுதப் படிக்க அறியாத அவர் எண்ணெயைத் தெரிந்தெடுக்க அறிந்திருந்தார்.

அந்த மசகு என்னதான் செய்கிறது? 1883ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்னும் பொறியியலார், ரயில் அச்சுத் தாங்கி ஒன்றைச் சோதித்தார். எண்ணெய் விடுவதற்காக அதன் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும், கீழே இறங்கவேண்டிய எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்துண்டால் அடைத்தார்; அதுவும் நிற்கவில்லை. இரும்பு இரும்பைத் தொடாதபடி, அழுத்தம் மிக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் அச்சின் சுமை முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அதனால் புலனாயிற்று. ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் 1886இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

படலம் அறுந்தால் உராய்வு, உராய்ந்தால் உஷ்ணம், பிறகு உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே விரைவாகச் சுழலும் இலேசான உறுப்புக்கு மெல்லிய எண்ணெயும், மெதுவாக நகரும் பெருஞ்சுமைக்குக் கெட்டியான மசகும் வேண்டும். தையல் இயந்திரத்துக்கு கிரீஸைத் திணித்தால் அது திணறும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நடுவே, தொழிலாளர் கையால் சுற்றித் திறந்த தூக்குப் பகுதி இருந்ததல்லவா? அத்தகைய கனத்த பற்சக்கரங்களுக்குத் தையல் எண்ணெய் ஒரு நாழிகையும் தாங்காது. மேலும் அது உப்புக் காற்று ஓயாத இடம். அங்கே கிரீஸ் உராய்வைத் தடுப்பதோடு, உப்பு நீர் இரும்பை அண்டாமலும் காக்கவேண்டும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதியை மின்மோட்டார்கள் செங்குத்தாக 17 மீட்டர் உயர்த்துகின்றன. கைகள் போய் மோட்டார் வந்தது. உப்புக் காற்று அதேதான்.

எண்ணெய் டப்பாவின் மேல் '15 டபிள்யூ 40' என்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த நிலையில் அது எவ்வாறு பாயும் என்பதற்கு முதல் எண். 100 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் அதன் பிசுப்பு எத்தகையது என்பதற்கு இரண்டாவது. எண் பெரிதாயின் எண்ணெய் உயர்ந்தது என்று கடைத்தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. அது வீண் நம்பிக்கை.

தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் எந்திர மனிதர்களைப் பற்றி இப்போது மிகுதியாகப் பேசுகிறார்கள். ஓடிய மணிகளை எண்ணி, சூட்டையும் நடுக்கத்தையும் அளந்து, 'எனக்கு மசகு மாற்றவேண்டும்' என்று எச்சரிக்கும் பொறிகள் தொழிற்சாலைகளில் உள்ளன. நல்லதே. ஆயினும், 1989இல் வியாழனை நோக்கிப் புறப்பட்ட கலிலியோ விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். 1991இல் அதன் பெரிய அலைவாங்கியைக் குடைபோல் விரிக்கக் கட்டளையிட்டார்கள். சில கம்பிகள் சிக்கிக்கொண்டன. காற்றற்ற வெளியில் எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால், அங்கே உலர்ந்த மசகையே பூசியிருந்தார்கள். புறப்படுமுன் அமெரிக்காவின் சாலைகளில் லாரிப் பிரயாணம் செய்தபோது, அதிர்ச்சியில் அப்பூச்சு தேய்ந்துபோயிருக்கவேண்டும் என்று பின்னர் ஆராய்ந்து கூறினார்கள். கலம் தன் நோயைச் சொல்லிற்று. மருந்திடத்தான் அருகில் ஆளில்லை. சிறிய அலைவாங்கியைக் கொண்டே எஞ்சிய பணியை முடிக்க நேர்ந்தது.

என் மாணவனின் எஞ்சினிலும் ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது. குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே கசிந்து எண்ணெயோடு கலந்திருந்தது. அளவு கூடியது அதனாலேதான். நீர் கலந்த படலம் சுமை தாங்காமல் அறுந்து, அப்பா தீவுக்கு அப்பால் எஞ்சின் இறுகிவிட்டது. இரவு முழுவதும் அலைகளோடு மிதந்தான். விடிந்தபின் மற்றொரு வள்ளத்தார் கட்டி இழுத்துவந்தார்கள். கரையில் அந்த அளவுக் கம்பியை வாங்கிப் பார்த்தேன். எண்ணெய் நீர்மோர் போல் வெளுத்திருந்தது. முதல் நாளும் சற்றே வெளுத்துத்தான் இருந்திருக்கும். நான் உயரத்தைப் பார்த்தேன், நிறத்தைப் பார்க்கவில்லை. அவன் தாயாரின் முகத்தை ஏறிட்டு நோக்க எனக்கு நெடுநாள் கூசிற்று.

டீசல் எஞ்சினின் எண்ணெய் கறுப்பது இயல்பு. புகைக்கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது அதன் கடமை. வெளுப்பதுதான் ஆபத்து. இன்றும் அவன் புறப்படுமுன் கம்பியை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கிறான். சில நாட்களில் நானும் பக்கத்தில் நிற்பதுண்டு. "கறுப்புதான் சார்" என்று துணியை என்னிடம் நீட்டிக் காட்டிவிட்டே வள்ளத்தைத் தள்ளுகிறான்.