சுவரில் யாருக்கு இடம்?

(ஒரு கூட்டத்தில் பேசியது)



சித்திரக்காரர் இளையராஜாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். 1979-ல் கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் உள்ள அரசு ஓவியக் கல்லூரிகளில் படித்து, திராவிடப் பெண்கள் என்கிற படவரிசையால் பேரெடுத்து, 2021 ஜூன் மாதம் கொரோனா நோயால் இறந்து போனவர் அவர்.

அவர் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்லுவது, "போட்டோ மாதிரியே இருக்கிறது" என்பதுதான். அதுதான் பெருமையென்றால் அதற்கு ஒரு காமிரா போதாதா? எண்ணெய் வர்ணத்தைக் குழைத்துக்கொண்டு அவர் யாரை எழுதினார் என்பதல்லவா கேள்வி?

நம் வீட்டுச் சுவரைப் பாருங்கள். 1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் வைத்த பிறகு, லக்ஷ்மியும் சரஸ்வதியும் மலிவாய் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். உயிருள்ள ஸ்திரீகளை எதிரில் வைத்துக்கொண்டுதான் ரவிவர்மா தேவிகளை எழுதினார். மனுஷியைப் பார்த்து எழுதிய படத்துக்குச் சூடம் காட்டினோமே தவிர, அதே வீட்டில் அடுப்பூதுகிற மனுஷியை ஏறெடுத்துப் பார்த்தோமா?

இளையராஜா பார்த்தார். மரக்கதவோரம் நிற்கிறவள், சன்னலருகே உட்கார்ந்திருக்கிறவள், அடுப்படியில் இருக்கிறவள், பாவாடை கட்டிய சிறுமி ஆகிய இவர்களே அவருக்குப் போதுமானவர்களாயிருந்தார்கள். நாலு கையில்லை, தலைக்குப் பின்னால் சக்கரமில்லை. கறுப்பை மறைக்கச் சிவப்புப் பூசாமல், கறுத்த முகத்தில் வெளிச்சம் விழுந்தால் எப்படியிருக்கும் என்று காட்டினார்.

அந்தப் படங்களை "ஆஹா" என்று மெச்சிவிட்டு, மகனுக்குச் சிவப்பாய்ப் பெண் தேடுகிறவர்களுக்கு என்ன சமாதானம் உண்டு? படத்திலே அழகாயிருக்கிற நிறம் கலியாணப் பந்தலிலே மாத்திரம் எப்படிக் குறையாகும்?

நிற்க, மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அவருடைய பெண்கள் பெரும்பாலும் அழகாகவும் அமைதியாகவும் இருக்கிறார்கள். அடுப்படியில் விழுகிற வெயிலை அவர் அருமையாய் எழுதினார். ஆனால் நிஜமான அடுப்படியில் வெயிலோடு புகையும் உண்டு. அது கண்ணை எரிக்கும், நெஞ்சை அடைக்கும். படம் அழகாயிருக்கிறதென்பதற்காக அவள் அங்கேயே கிடக்க வேண்டுமென்பது எந்த நியாயம்?

ஆகவே தோழர்களே, படத்தை மெச்சுங்கள். மெச்சிய கையோடு வீட்டுக்குப் போய், அங்கேயிருக்கிறவளின் புகையையும் வேலையையும் குறைக்க வழி பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.