செங்கல் சூளையிலிருந்து தோஹா வரை
(ஆம்பூரில் தோல், காலணித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் சகோதரிகள் இங்கே நிறைய வந்திருக்கிறீர்கள். டேனரியில் ஈரத்தோலை இழுத்துப் போட்டுவிட்டு நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். நீங்கள் தைக்கும் ஷூ கடல் கடந்து போகிறது. நம் வீட்டுப் பெண் ஒருத்தி ஓட்டப் பந்தயத்துக்கு ஷூ போட்டு நின்ற கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அங்கே 1981-ல் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சவுந்திரராஜன். தாயும் தகப்பனும் செங்கல் சூளைத் தொழிலாளிகள். அவர்கள் வேலைக்குப் போனால் தம்பி தங்கைகளைப் பார்க்க வேண்டியது மூத்தவளான இவர்தான். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே நிலைமை! ஓட்டக்காரரான பாட்டனார் குடிசைக்கு வெளியே மண் தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தார். 13 வயதில் ஒரு ஜோடி ஷூ வாங்கித் தந்தார். முதல் போட்டியில் கிடைத்தது ஒரு தகரக் கோப்பை. பிறகு ஒரு உயர்நிலைப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டு சாப்பாடும் போட்டது. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை.

2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டம். சாந்திக்கு வெள்ளிப் பதக்கம்! மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் பெண்ணை முந்தியது எவ்வளவில் தெரியுமா? ஒரு வினாடியை நூறு கூறு போட்டால் அதில் மூன்றே கூறு.

சந்தோஷம் எத்தனை நாள்? பெண்தானா என்று பரிசோதனை செய்தார்கள். விதிக்குள் அடங்கவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் மருந்து சாப்பிட்டாரா? இல்லை. யாரையாவது ஏமாற்றினாரா? இல்லை. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவரின் உடல் அமைப்பே குற்றமாயிற்று. தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துத்தான் அவருக்கே சங்கதி தெரிந்தது. முதலமைச்சர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அதில் ஒரு பங்கைப் போட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி நடத்தினார் அந்தப் பெண். பணம் கரைந்தது. 2012-ல் பார்த்தால், தாய் தகப்பன் நின்ற அதே சூளையில் கூலிக்கு நின்றார்.

2009-ல் இதே 800 மீட்டரில் உலகப் பட்டம் வென்ற தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண் காஸ்டர் செமன்யாவையும் இப்படித்தான் சந்தேகித்தார்கள். ஆனால் அந்த நாடு "எங்கள் பெண்" என்று எழுந்து நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது. நம் சாந்திக்காக அன்று இங்கே எழுந்தது யார்? நாமும் எழவில்லை தோழர்களே, ஒப்புக்கொள்வோம்.

அமெரிக்காவைப் பாருங்கள். ஜார்ஜியாவின் மண் சாலையில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய ஆலிஸ் கோச்மன், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். சொந்த ஊரில் வரவேற்பு வைத்தார்கள். கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். மேயர் அவர் கையைக்கூடக் குலுக்கவில்லை! ஊருக்கு வெளியே சேரி, சேரிக்குத் தனிக் குவளை என்று கண்ட நமக்கு இது புதிதா?

12 வருஷம் கழித்து வில்மா ருடால்ப் வந்தார். ரயில்வே போர்ட்டரின் மகள், தாய் வீட்டு வேலைக்காரி, குடும்பத்தில் 22 பிள்ளைகள். இளம்பிள்ளை வாதத்தால் காலில் இரும்புக் கட்டு மாட்டி நடந்த குழந்தை. 1960 ரோமில் மூன்று தங்கம்! கிளார்க்ஸ்வில் என்ற அவர் ஊர் வரவேற்புக்குக் கூப்பிட்டது. வெள்ளையர் கறுப்பர் பிரிந்து உட்காரும் விழா என்றால் வரமாட்டேன் என்றார். ஊர் பணிந்தது. அந்த ஊரில் இரு நிறத்தாரும் கலந்து உட்கார்ந்த முதல் விழா அதுதான்.

சாந்தியும் சூளையோடு நின்றுவிடவில்லை. பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை பெற்றார். பறித்த பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

கூட்டம் முடிந்ததும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொஞ்சம் இருங்கள். காலையில் ஓட எந்த மைதானம், ஷிப்டுக்குப் போகும் தாய் பிள்ளையை யாரிடம் விடுவது, ஓடிவிட்டு வரும் பிள்ளைக்கு என்ன சாப்பாடு என்பதை உட்கார்ந்து பேசுவோம்.